விவசாயிக்கும் நாடோடிக்கும் பிறந்த வேட்டைக்காரன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ரத்த குரூப்பைப் பார்த்துப் போட்டது என்று நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய உணவு அட்டவணையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து முடித்துவிட்டேன். போனில் சொன்னால் "அப்பா, நீங்க சும்மா இருங்க" என்று பாதியிலேயே நிறுத்திவிடுவாய். அதனால்தான் கடிதம்.

மேலே கொட்டை எழுத்தில் "பி பாசிட்டிவ்". கீழே நீ தொடக்கூடாதவை: நிலக்கடலை, எள், தக்காளி, மக்காச்சோளம், கோதுமை, மைசூர்ப் பருப்பு, கோழி. தாராளமாகச் சாப்பிட வேண்டியவை: பால், தயிர், பனீர், ஆட்டுக்கறி, கீரை. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தக்காளி இல்லாம ரசம் எப்படி வெக்கறது? நல்லெண்ணெய் இல்லாம இட்லிப் பொடியை எதுல கொழைக்கறது?" என்று கேட்டாள். அதிலும் நீ இருப்பது புனேயில். அங்கே கடலைப் பொடி தூவாத பொரியலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இது உங்கள் ஆபீஸுக்கு வந்த உணவு ஆலோசகர் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் பீட்டர் டி'அடாமோ என்ற இயற்கை மருத்துவர் 1996இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. அவருடைய அப்பாவும் இதே வழியில் யோசித்தவர்தான். டி'அடாமோ கணக்கில் ஓ குரூப்தான் ஆதி ரத்தம், அவர்கள் வேட்டைக்காரர்கள், இறைச்சி தின்ன வேண்டும். பயிர்த்தொழில் வந்தபோது ஏ வந்தது, அவர்களுக்குச் சைவம். மாடு ஆடு மேய்த்துத் திரிந்தவர்கள் பி, அவர்களுக்குப் பால். ஏபி கடைசியில் வந்த கலப்பு.

இதை நம் வீட்டில் வைத்துப் பார். அம்மா ஏ, நான் பி, அண்ணன் ஓ, நீ பி. அதாவது விவசாயிக்கும் நாடோடிக்கும் ஒரு வேட்டைக்காரன் பிறந்திருக்கிறான்! அந்த வேட்டைக்காரன் கறிக்குழம்பில் துண்டை ஒதுக்கிவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்குகிறவன் என்பது உனக்கே தெரியும். அம்மாவிடம் ஏயுடன் மறைந்து ஒரு ஓ மரபணு இருக்கிறது, என்னிடம் பியுடன் ஒரு ஓ. இப்படிப்பட்ட தாய் தகப்பனுக்கு நான்கு குரூப்பிலும் பிள்ளை பிறக்கலாம். ஒரு வீட்டில் நான்கு அடுப்பு மூட்ட முடியுமா?

கதையின் அடிப்படையும் தப்பு. ஏ, பி என்ற இரண்டு வகையும் மனிதன் பயிர் செய்யக் கற்ற பிறகு வந்தவை அல்ல. குரங்கினங்களிலும் அவை உண்டு. கிப்பன் என்ற வாலில்லாக் குரங்குகளோடு நமக்குப் பொதுவாக இருந்த மூதாதையிடமே, குறைந்தது 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அவை இருந்திருக்க வேண்டும் என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஓ என்பது பெரும்பாலும் ஏ மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டு அது வேலை செய்யாமல் போனதன் விளைவு. ஏ இல்லாமல் அந்த ஓ எங்கிருந்து வரும்?

அடுத்தது லெக்டின், விதைகளிலும் பயறுகளிலும் இருக்கும் ஒரு வகைப் புரதம். நீ இதைத்தான் பெரிய அறிவியல் ஆதாரமாகச் சொன்னாய்: "பொருந்தாத உணவில் இருக்கும் லெக்டின் ரத்த அணுக்களை ஒட்டவைத்துவிடும் அப்பா." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். ரத்த வங்கியில் வேலை பார்த்த காலமெல்லாம் அணுக்கள் ஒட்டுவதைப் பார்த்தவன் நான். வெள்ளை டைலில் மூன்று சொட்டு ரத்தம் வைப்போம். ஒன்றில் ஏ அணுக்களை ஒட்டவைக்கும் நீல நிற ஆன்ட்டி ஏ, அடுத்ததில் பி அணுக்களை ஒட்டவைக்கும் மஞ்சள் நிற ஆன்ட்டி பி, மூன்றாவதில் பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் நிறமில்லாத ஆன்ட்டி டி. குச்சியால் கலக்கி டைலை அப்படியும் இப்படியும் சாய்த்தால், உன் ரத்தம் மஞ்சள் சொட்டிலும் டி சொட்டிலும் மணல் மணலாகத் திரளும். நீலத்தில் வழவழவென்று ஓடும்.

அதே பிரிட்ஜில் இன்னொரு குப்பி இருக்கும். ஆன்ட்டி ஏ1 லெக்டின். ஏ குரூப்பிலேயே ஏ1, ஏ2 என்று பிரித்துப் பார்க்க அது வேண்டும். அதை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? கொள்ளு! நம் கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம் வைக்கிற அதே கொள்ளுதான். பச்சை விதையின் சாற்றை அளவாக நீர்த்து வைத்தால் ஏ1 அணுக்களை மட்டும் ஒட்டவைக்கும். டி'அடாமோ கணக்குப்படி பார்த்தால் ஏ குரூப்பான உன் அம்மா கல்யாணமாகி வந்த வருஷமே கட்டிதட்டிப் போயிருக்க வேண்டும். அவளோ மழைக்காலம் முழுக்கக் கொள்ளு ரசத்தில்தான் ஓட்டுகிறாள். காரணம் சாதாரணம். இரவே ஊறப்போட்டு, குக்கரில் விசில் விட்டு, கடைந்தால் அந்தப் புரதம் செத்துவிடும். டைலில் நடப்பது தட்டில் நடப்பதில்லை.

லெக்டினால் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ராஜ்மாவை ஊறவைக்காமல், நன்றாகக் கொதிக்கவைக்காமல் அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம். ஆனால் அது ஓ, ஏ, பி எல்லோரையும் ஒரே மாதிரிதான் படுத்தும். புனேயில் தனியாகச் சமைக்கிறவள், இதை ஞாபகம் வைத்துக்கொள்.

ரத்த குரூப் என்பது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. அதைப் பார்த்து உள்ளே அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்ல முடியாது. சரியாகச் சொன்னால் அது அணுவின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரைத் துணுக்கு. நூற்றுக்கு எண்பது பேருக்கு எச்சிலிலும் இரைப்பைச் சளியிலும்கூட அது உண்டு. அதனால்தான் சில வயிற்று நோய்கள் குரூப்புக்குக் குரூப் கொஞ்சம் மாறுகின்றன. குடல் புண் ஓ குரூப்பில் சற்று அதிகம், இரைப்பைப் புற்றுநோய் ஏயில் சற்று அதிகம். ஓவுக்கு ரத்தம் உறையும் தன்மை கொஞ்சம் குறைவு. இவை மெய். ஆனால் இவற்றை வைத்துத் தக்காளியைத் தள்ளிவைக்க எந்த மருத்துவரும் சொல்லவில்லை.

நீ பாலும் பனீரும் கூட்டியதிலிருந்து வயிறு உப்புகிறது என்றாயே, அதைக் கேட்டதும்தான் எனக்கு எழுதவே தோன்றியது. ரத்த குரூப்பின் மரபணு 9ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதிக்கான மரபணு இருப்பது 2ஆம் குரோமோசோமில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. பி குரூப் என்பதற்காகவே உன் குடல் பாலை ஏற்றுக்கொண்டுவிடாது. உன் பாட்டிக்கும் பால் ஒத்துக்கொள்ளாது, மோர்தான் குடிப்பார். கோதுமையும் அப்படித்தான். அது ஆகாத சீலியாக் நோய்க்கு முக்கியமான மரபணுக்கள் 6ஆம் குரோமோசோமில் உள்ளன. சந்தேகம் இருந்தால் அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது, டாக்டரைப் பார்.

"ஆனா எனக்கு எடை குறைஞ்சிருக்கு" என்பாய். குறையும். ராத்திரி பதினொரு மணிக்கு வரவழைக்கும் பிரியாணி, ஆபீஸ் கேன்டீன் வடாபாவ், பிஸ்கட் எல்லாம் நின்றுபோனால் எந்த குரூப்புக்கும் குறையும். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 1455 பேரை வைத்துப் பார்த்து 2014இல் எழுதினார்கள். காய்கறி மிகுந்த 'ஏ' உணவுமுறையோடு ஒத்துப்போகச் சாப்பிட்டவர்களுக்கு எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் நன்றாகவே இருந்தன. அவர்கள் உண்மையில் ஏயா ஓவா என்பதால் அதில் எந்த மாற்றமும் இல்லை. அதற்கு முந்தைய வருஷம், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கட்டுரையும், இந்த முறைக்கு ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

1901இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டெய்னர் ரத்தத்தை வகை பிரித்தது ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றும் வழியைத் திறந்தது. குரூப் மாறி ஒரு யூனிட் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை டயட் சீட்டில் பார்க்கும்போது கொஞ்சம் கோபமே வருகிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கீரையும் காயும் கூட்டியிருக்கிறாய், நல்லது, விடாதே. பருப்பு, கடலை, எள்ளு மூன்றையும் நாளைக்கே திரும்பக் கொண்டுவா. உன் வயதுப் பெண்ணுக்குப் புரதத்துக்கும் இரும்புக்கும் அவற்றைவிட மலிவாக என்ன இருக்கிறது? இரண்டு வாரம் பாலை நிறுத்தித் தயிர் மட்டும் சாப்பிட்டு வயிறு எப்படி இருக்கிறது என்று பார். முடி கொட்டுகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அதற்கு ஹீமோகுளோபின், உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின், பி12, தைராய்டு நான்கும் எடுத்து, ரிப்போர்ட்டை எனக்கும் அனுப்பு. அந்த ஆலோசகருக்குப் பணம் கட்டியாகிவிட்டது, போகட்டும். அடுத்த தவணை மட்டும் கட்டாதே.

உங்கள் ஆபீஸில் வருகிற மாதம் ரத்ததான முகாம் என்றாயே, ஹீமோகுளோபின் 12.5க்கு மேல் இருந்தால் போய்க் கொடு. காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, இட்லி சாப்பிட்டுப் போ. பொடியை நல்லெண்ணெயில் குழைத்தே சாப்பிடலாம்.

அன்புடன்,
அப்பா