அடுத்த தொற்றுக்கு விதி எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வான்காரனின் மடல்

எல்லைப் பயண விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

2021 ஜூலை 16, வெள்ளிக்கிழமை பின்னேரம். எங்கள் வானின், அதாவது கட்டிலும் அடுப்பும் உள்ள மோட்டார்ஹோமின், தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வடியவிட்டு, காஸ் குழாயின் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி போனும் கையுமாக வாசலுக்கு வந்தார். "பிரான்ஸை மட்டும் விட்டிட்டாங்களாம்" என்றார். போக விட்டுவிட்டார்கள் என்று விளங்கிக்கொண்டு நான் சிரித்தேன். சலுகையில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான் செய்தி.

சலுகை இதுதான்: ஜூலை 19, திங்கட்கிழமை முதல், இங்கே இரண்டு கொவிட் ஊசியும் போட்டவர்கள் அம்பர் பட்டியல் (பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே, நடுத்தர ஆபத்து என்று நீங்கள் வகுத்த) நாடுகளிலிருந்து இங்கிலாந்து திரும்பினால் 10 நாள் தனிமைப்படுத்தல் இல்லை. அதை நீங்கள் அறிவித்தது ஜூலை 8. அன்றிரவே 20ஆம் தேதிக் கப்பலுக்கு டோவரில் இடம் பிடித்துவிட்டேன். போவது பாரிஸின் வடக்குப் புறநகரில் இருக்கும் மச்சாள், அதாவது மனைவியின் சகோதரி, வீட்டுக்கு. 2020 ஏப்ரலில் மாமா அங்கே காலமானபோது, மனைவி தன் தகப்பனின் செத்தவீட்டை லண்டனில் இருந்து ஸூமில் பார்த்தார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் காணவில்லை. மச்சாள் வீடு ஓர் அறையும் ஒரு ஹோலும். நாலு பேர் போய்ப் பாய் விரிக்கிற காலமா அது? அதனால்தான் வான். அவர்களின் கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தினால் எங்கள் கட்டில், எங்கள் அடுப்பு, எங்கள் கழிப்பறை. வெளியே கதிரை போட்டு, தள்ளி இருந்து கதைக்கலாம்.

பிரான்ஸைச் சேர்க்காமல் விட்டதற்குக் காரணம் கொரோனா வைரஸின் பேட்டா திரிபு என்றீர்கள். பிரான்ஸின் பேட்டா எண்ணிக்கையில் கணிசமான பங்கு இந்து சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்ஸுக்குச் சொந்தமாக இருக்கும் ரெயூனியன் தீவினுடையது என்று பிறகு தெரியவந்தது. பாரிஸிலிருந்து அந்தத் தீவு 9,000 கிலோமீட்டருக்கு மேல். கொழும்பு அதைவிடக் கிட்ட.

நான் கட்டுப்பாடே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. எல்லை திறந்திருக்க வேண்டும் என்று அந்த நாள்களில் ஊர்வலம் போனவர்களோடு எனக்கு ஒத்துவராது. ஸூமில் செத்தவீடு பார்த்த குடும்பத்துக்கு நோய் என்றால் என்னவென்று தெரியும். எனக்குக் குறை வேறு இடத்தில். பிரிட்டனின் கொவிட் விசாரணை 2024 ஜூலையில் வெளியிட்ட முதல் அறிக்கை, இந்த நாடு தவறான பெருந்தொற்றுக்குத் தயாராகி இருந்தது என்றது; இன்புளுவென்சாவை நினைத்துத் திட்டம் போட்டிருந்த நேரத்தில் வந்தது வேறொன்று. பயண விதிகளிலும் அதுவேதான் நடந்தது. நீங்கள் தவறான பயணியை நினைத்து எழுதினீர்கள். உங்கள் மனதில் இருந்தவர் விமானத்தில் வருகிறவர்: ஒரு புறப்பாடு, ஒரு இறங்கல், நடுவில் சில மணி நேரம். வீட்டைச் சில்லில் வைத்து உருட்டிக்கொண்டு வருகிறவன் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

போத்துக்கலைப் பாருங்கள். 2021 மே 17இல் பச்சைப் பட்டியலில் இருந்தது. ஜூன் 3 அன்று அறிவித்து, ஜூன் 8 அதிகாலை 4 மணிக்கு அம்பர் ஆக்கினீர்கள். விமானக்காரர்கள் விலை ஏறிய டிக்கெட்டை வாங்கிக்கொண்டு பறந்து வந்தார்கள், அதுவே அநியாயம்தான். தெற்கே அல்கார்வே கரையில் வான் நிறுத்தியிருந்தவனுக்கு, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் பிரான்ஸின் கலே துறைமுகம் 2,000 கிலோமீட்டருக்கு மேல். இடையில் ஸ்பெயின், பிரான்ஸ் என்று இரண்டு நாடுகள், இரண்டுக்கும் தனித்தனி விதி. மூன்றரை தொன் வண்டியை ஒரு நாளைக்கு 600 கிலோமீட்டர் ஓட்டினாலே இடுப்பு விட்டுப்போகும். புறப்படும் முன் பரிசோதனை வேறு எடுக்க வேண்டும்; எந்த ஊரில் நிற்போம் என்று தெரிந்தால்தானே எடுக்கலாம். அதிகாலை 4 மணிக்கு விமானப் பயணி ஒன்றில் இறங்கியிருப்பார், அல்லது இறங்கியிருக்க மாட்டார். நாங்கள் அந்த நேரத்தில் ஏதாவதொரு நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் நித்திரை.

புறப்பட்ட நாளில் இருந்த விதி திரும்பும்வரை செல்லும் என்று எழுத முடியாதா? முடியாத அளவுக்கு ஆபத்தான திரிபு என்றால், தரைவழியே வருகிறவர்களுக்கு ஏழு முழு நாள் கொடுங்கள். கப்பல் சீட்டு நாளையும் நேரத்தையும் காட்டுகிறது, அப்போது எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரையும் விழுந்தது. எப்போது போனோம் என்பதற்கு அத்தாட்சி இல்லாத பயணமா இது?

இன்னொன்று, இடைவழி நாடு பற்றியது. எங்கள் நண்பர் குடும்பம் அந்த ஜூலையில் வட ஸ்பெயினில் இருந்தது. அம்பரில் இருந்த ஸ்பெயினிலிருந்து திரும்பினால் தனிமைப்படுத்தல் இல்லை. ஆனால் வழியில் பிரான்ஸ் இருக்கிறதே. விதியைத் தேடி எடுத்துப் பார்த்தோம். சொந்த வாகனத்தில் ஒரு நாட்டைக் கடக்கும்போது புதிதாக யாரும் ஏறக் கூடாது. உள்ளே இருப்பவர் இறங்கி மற்றவர்களோடு கலந்துவிட்டுத் திரும்ப ஏறக் கூடாது. அப்படிக் கடந்தால் அந்த நாட்டில் இருந்ததாகக் கணக்கில்லை. வாசித்தவுடன் எங்களுக்குச் சந்தோஷம், ஏனென்றால் மோட்டார்ஹோமுக்கென்றே எழுதியது போல இருந்தது. கழிப்பறை உள்ளே, கட்டில் உள்ளே, புட்டும் உள்ளே.

ஆனால் டீசல் வெளியே. ஸ்பெயின் எல்லையிலிருந்து கலேவுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். நடுவில் ஒரு தடவையாவது இறங்கிக் குழாயைப் பிடிக்க வேண்டும். காசாளரிடம் அட்டையை நீட்டினால் அது "கலப்பதா"? பிரெஞ்சு சூப்பர்மார்க்கெட்டுகளில் அட்டையிலேயே பணம் கட்டும் 24 மணி நேர டீசல் குழாய்கள் உண்டு. அங்கே அடித்தால் கலக்கவில்லையா? பக்கத்துக் குழாய்க்காரர் "பொன்ஜூர்" சொன்னால்? நண்பர் உதவித் தொலைபேசிக்கு இரண்டு முறை எடுத்தார். இரண்டு பேர், இரண்டு பதில். கடைசியில் அவர் வட ஸ்பெயினின் சண்டாண்டர் துறைமுகத்திலிருந்து நேரே இங்கிலாந்து வரும் கப்பலுக்கு மாற்றிக்கொண்டார். பிரான்ஸ் மண்ணை மிதிக்கவில்லை. பதிலாக, ஒரு நாளுக்கு மேல் கப்பலில் நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரே சாப்பாட்டுக்கூடத்தில் இருந்தார்கள். கப்பல் ஓடும்போது வானுக்குள் இருக்க விடமாட்டார்கள். நோயைத் தடுக்க எழுதிய விதி, தனியே இருந்த நாலு பேரைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டது. கலேயிலிருந்து கடலுக்கு அடியால் வரும் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலில் அந்தத் தொல்லை இல்லை. 35 நிமிடம் அவரவர் வாகனத்துக்குள்ளேயே இருந்து கடக்கலாம். இந்த வித்தியாசம் உங்கள் விதிகளில் எங்காவது ஒரு வரி இடம் பிடித்ததா? நான் தேடிக் காணவில்லை.

கழிப்பறை பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வானின் கழிவுப்பெட்டி 18 லீட்டர். நாலு பேருக்கு இரண்டு நாள், இழுத்துப் பிடித்தால் இரண்டரை. நல்ல தண்ணீர் 100 லீட்டர். சிக்கனமாகக் குளித்தால் மூன்று நாள். ஆகவே "தன்னிறைவு வாகனம்" என்று எங்கள் ஆட்களே பெருமை பேசுவது பாதிதான் உண்மை. மூன்றாம் நாள் எங்காவது ஊற்றவும் நிரப்பவும் வேண்டும். 2020 மார்ச்சில் ஸ்பெயின் ஊரடங்கு அறிவித்து, சில நாள்களில் முகாம் தளங்களையும் மூட உத்தரவிட்டது. மொரோக்கோ எல்லையை மூடியபோது ஐரோப்பிய மோட்டார்ஹோம்கள் பெருமளவில் அங்கே சிக்கின. வீட்டில் இருங்கள் என்றார்கள். சரி, இதுதான் வீடு. ஆனால் இந்த வீட்டின் மலக்குழியும் கிணறும் முகாம் தளத்தில் இருந்தன, அதற்குப் பூட்டு.

பெற்றோல் நிலையம் அத்தியாவசியம் என்று திறந்திருந்தது. லொறிகளுக்கு வழி பிறந்தது: 2020 மார்ச் 23 அன்றே ஐரோப்பிய ஆணையம் "பசுமைத் தடங்கள்" என்று அறிவித்து, சரக்கு வாகனம் எல்லை கடக்க 15 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்றது. எல்லைகள் மூடத் தொடங்கிச் சில நாள்களுக்குள். நினைத்தால் முடிகிறது. அடுத்த முறை முகாம் தளத்தை மூடுங்கள், நீச்சல் குளத்தை மூடுங்கள், மதுக்கடையை மூடுங்கள். கழிவு ஊற்றும் இடத்தையும் ஒரு தண்ணீர்க் குழாயையும் மட்டும் திறந்து வையுங்கள். ஆளுக்கு ஆள் பத்து நிமிட இடைவெளி விட்டுப் போய் வருவோம். அந்த இடத்தில் யாரும் கூடிக் கதைக்கப்போவதில்லை, நம்புங்கள்.

சரி, தடுப்பூசிக்கு வருகிறேன். எனக்குப் போட்டது அஸ்ட்ராசெனெகா. அட்டையில் தொகுதி எண் 4120Z என்று தொடங்கியது. அந்த எண்ணை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை, 2021 ஜூலை வரை. அப்போதுதான் செய்தி வந்தது: அந்த வரிசையில் மூன்று தொகுதிகள் புனேயில் உள்ள சீரம் நிறுவனத்தில் தயாரானவை, ஐரோப்பிய மருந்து முகமை அந்தத் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுத்திருக்கவில்லை, மால்டாவுக்குப் போக வந்த பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தில் ஏற்றப்படவில்லை. லண்டனில் ஒரு தேவாலய மண்டபத்தில் வரிசையில் நின்று போட்ட ஊசிக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ்! மனைவிக்குச் சிரிப்பு, "உங்களுக்குத்தான் எங்கே போனாலும் பூர்வீகம் கேட்பார்களே" என்றார். கோவிஷீல்ட் என்ற பெயரில் வரும் அந்தப் புனே ஊசியைப் பிரான்ஸ் ஜூலை நடுவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தியாவில் அதே ஊசியைப் போட்டவர்களின் சான்றிதழை இங்கிலாந்து ஏற்க அக்டோபர் 11 ஆயிற்று. ஒரே தொழிற்சாலை, ஒரே குப்பி. போட்ட இடம் மட்டும் வேறு. இந்தக் கணக்கை எந்த வைரஸிடம் கேட்டு எழுதினீர்கள்?

சாப்பாட்டுக் கதை சின்னது. கடைகளுக்குள் அதிகம் போகாதீர்கள் என்பது தொற்றுக்கால அறிவுரை. அதன்படி நாலு நாள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் திட்டம். ஆனால் 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பாலும் கொண்டுபோக முடியாது. கோழிக்கறி போச்சு, தயிர் போச்சு, நெய் போச்சு. கறிவேப்பிலைக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கேட்காத பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், தூரியன், வாழை, பேரீச்சை. யாரோ யாழ்ப்பாணத்து அம்மம்மா உட்கார்ந்து எழுதிய பட்டியல் போல இருக்கிறது. மீனுக்கு 20 கிலோ வரை தடையில்லை. ஆகவே தேங்காயும் மாசிச் சம்பலும் வாழைப்பழமும் போயின. மிச்சத்துக்கு முதல் நாளே பிரெஞ்சுக் கடைக்குள் நுழைந்தோம்.

ஆம், கடைசியில் போனோம். ஆகஸ்ட் 4 அன்று அறிவித்து, 8ஆம் தேதி பிரான்ஸை மற்ற அம்பர் நாடுகளோடு சேர்த்தீர்கள். நாங்கள் 10ஆம் தேதி கடந்தோம். அதற்கு முந்தின நாள்தான் பிரான்ஸில் உணவகங்களுக்கும் சுகாதாரப் பாஸ் (ஊசி அல்லது பரிசோதனைக்கான அத்தாட்சி) கட்டாயமாகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்களை ஒரு விடயத்தில் பாராட்ட வேண்டும். ஊருக்கு ஊர் பச்சைச் சிலுவை போட்ட மருந்தகம், வாசலில் ஒரு கூடாரம், அன்டிஜன் பரிசோதனைக்கு வெளிநாட்டவர் என்றால் 29 யூரோ, கால் மணி நேரத்தில் முடிவுத் தாள். திரும்பி வந்து இரண்டாம் நாள் எடுக்க வேண்டிய பரிசோதனைக்கு இங்கே ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தலைக்கு இரட்டிப்புக்கு மேல் கட்டினேன். பெட்டி வந்தது ஐந்தாம் நாள். அது வருவதற்குள் பிள்ளைகள் அடுத்த பயணத்துக்குக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

மச்சாள் வீட்டின் பின்பக்கம் ஆறு நாள் நின்றோம். முதல் நாள் இரண்டு சகோதரிகளும் இரண்டு மீட்டர் இடைவெளியில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். அந்த இடைவெளி எத்தனை நிமிடம் நின்றது என்பதை அதிகாரிகளுக்கு எழுதும் மடலில் சொல்வது புத்தியில்லை.

2022 மார்ச் 18 அன்று, வழக்கம்போல அதிகாலை 4 மணிக்கு, பயணப் படிவமும் பரிசோதனையும் எல்லாம் இல்லாமல் போயின. வானில் சாரதி இருக்கைக்கு அடியில் ஒரு நீலக் கோப்பு இன்னும் இருக்கிறது. கப்பல் மாற்றிய கடிதங்கள், பரிசோதனைத் தாள்கள், அந்த 4120Z அட்டையின் பிரதி, 2021 ஆகஸ்ட் 2இலிருந்து தேவையில்லை என்று சொன்ன பச்சை நிற வாகனக் காப்புறுதி அட்டை, உதவித் தொலைபேசியில் சொன்ன இரண்டு பதில்களையும் நண்பர் எழுதிவைத்த துண்டுக் காகிதம். எண்ணிப் பார்த்தேன், 43 தாள். ஆறு நாள் பயணத்துக்கு. குப்பையில் போடுங்கள் என்று மனைவி ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்கிறார். அடுத்த விதிகளை எழுத உட்காரும்போது ஒரு விமானச் சீட்டோடு சேர்த்து இதையும் மேசையில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வடமேற்கு லண்டனிலிருந்து ஒரு வான்காரன்