இரண்டாம் தவணை நிறைவும் வரலாற்றுக் கண்காட்சியும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

திருகோணமலை

மதிப்பிற்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை இனிதே நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டியிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் எமது மாணவிகள் பாராட்டத்தக்க வகையில் பங்குபற்றினர். சிரமதானத்துக்கு வந்து உதவிய அனைவருக்கும் நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியர்கள் வழங்குவார்கள்.

தரம் 10 மாணவிகள் அடுத்த தவணைத் தொடக்கத்தில் நடத்தவுள்ள வரலாற்றுக் கண்காட்சி பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. வழக்கத்தை மீறியதால் தம் காலத்தில் ஆபத்தானவர்களாகக் கருதப்பட்ட பெண்களே அதன் பொருள். பெரியோரை எதிர்க்கப் பிள்ளைகளைப் பழக்குகிறீர்களா என்று சில பெற்றோர் கேட்டுள்ளனர். பெண்பிள்ளைகளைப் பொறுப்புடன் வளர்ப்பவர்களிடம் அக்கேள்வி எழுவது இயல்பே என்பதால், மாணவிகள் உண்மையில் எதைப் படிக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்கிறேன்.

1848இல் பூனாவில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சென்ற சாவித்திரிபாய் புலே மீது வழியில் சேறும் சாணமும் வீசினார்கள். அவர் மாற்றுச் சேலையொன்றை எடுத்துச் சென்று, உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி சேர்வதற்கு எதிர்ப்பு எழுந்தது. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவருடைய முயற்சியால் 1954இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எம்மில் பலர் அறிவோம். ஆணுடை தரித்ததையும் ஒரு குற்றமாகக் காட்டி பிரெஞ்சுப் படையை முன்னின்று நடத்திய இளம்பெண் ஜோன் ஒப் ஆர்க் 1431இல் எரிக்கப்பட்டார். அத்தீர்ப்பு 1456இல் செல்லாதென அறிவிக்கப்பட்டதையும், 1920இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டதையும் எமது கத்தோலிக்கக் குடும்பங்கள் அறிந்திருப்பீர்கள்.

எமது நாட்டிலும், பெண்பிள்ளைகளுக்காக 1913இல் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே பெண்களுக்கு வாக்குரிமை வழங்குவதை எதிர்த்தார். அப்பெரியாரைக் குறைகூற இதை எழுதவில்லை. பெண்கல்விக்கு அத்தனை செய்தவருக்கும் வழக்கம் மாறுவது பற்றிய அச்சம் இருந்தது என்பதையே நினைவூட்டுகிறேன். 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள், குடும்பங்கள் சிதையவில்லை.

இனிக் கூறுவதை வருத்தத்துடன் கூறுகிறேன். ஜோன் வேடத்துக்கான ஒத்திகையில் தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு மாணவியின் படம், பெற்றோரின் வட்ஸ்அப் குழுவொன்றில் தகாத சொற்களுடன் பகிரப்பட்டது. அப்பிள்ளை சில நாட்கள் பாடசாலைக்கு வரவில்லை. கண்காட்சியைப் பற்றி எவரும் என்னிடம் முரண்படலாம். பிறர் வீட்டுப் பிள்ளையின் நடத்தையை ஊரறியத் தூற்றும் உரிமை எவருக்கும் இல்லை. அப்படத்தை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிட வேண்டும். இது மீண்டும் நிகழுமாயின் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு அறிவித்துவிட்டு, உரிய அதிகாரிகளிடம் முறைப்பாடு செய்வேன்.

தம் மகள் பங்குபற்றுவதை விரும்பாதோர் எழுத்தில் அறிவித்தால் போதும். அவருக்கு வேறு பணி வழங்கப்படும், புள்ளிகள் குறையா. ஆயினும் முடிவெடுக்குமுன், மாணவிகள் எழுதியவற்றை வகுப்பறையில் வந்து வாசிக்குமாறு அன்புடன் கேட்கிறேன். எதிர்ப்பை மறைக்காமல் நேரில் வந்து பேசிய பெற்றோருக்கும், அம்மாணவியின் வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறி அவரை மீண்டும் பாடசாலைக்கு அழைத்து வந்த தாய்மாருக்கும் எனது மனமார்ந்த நன்றி.

இவ்வண்ணம்,
அதிபர்