வாடல் நோய்க்கு உருளைக்கிழங்கு ரகங்களை நோயுள்ள பூமியிலேயே சோதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: மலைக் காய்கறி விவசாயிகள், நீலகிரி.
பெறுநர்: உயர்திரு தோட்டக்கலை அதிகாரி அவர்கள்.
பொருள்: பாக்டீரியா வாடல் நோய் - ரகச் சோதனை - நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மூன்று மனுவுக்கும் பதில் வரவில்லை. இந்நோய் கண்ட எங்கள் ஓடையோரப் பூமியும் மேல் அடுக்கு வயல்களும் தாங்கள் அறிந்தவையே. ஆகவே நேராகக் கேட்கிறோம்.

1. சோதனையை மழைக்காலப் பயிரான கார்போகத்தில் வைக்க வேண்டுகிறோம். பாசனப் பயிரான நீர்போகத்துக் குளிரில் நோய் அடங்கிக் கிடக்கும். எந்த ரகமும் நிமிர்ந்து நிற்கும்.

2. நோய் கண்ட வயலில், ரகத்துக்கு நான்கு பாத்தி, இடம் மாற்றி மாற்றி. நடுநடுவே, எளிதில் வாடும் குஃப்ரி ஜோதி ரகத்தின் வரிசை வேண்டும். ஜோதியே வாடாத வயலில் மற்றது வாடவில்லை என்றால் அதற்கு என்ன பொருள்? வாராவாரம் வாடிய செடிகளை எண்ண வேண்டும். வாடிய தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள டம்ளரில் தொங்கவிட்டால் சில நிமிடத்தில் பால்போல் இழை இறங்கும். இறங்கினால்தான் அது இந்த நோய் என்று கணக்கு.

3. எங்களை வதைப்பது இதுதான் ஐயா. செடி வாடாது, கிழங்கை வெட்டினாலும் வெள்ளையாக இருக்கும், கிருமி மட்டும் உள்ளே இருக்கும். அதையே விதையாக ஊன்றினால், உரம் வைத்து, மண் அணைத்து, கூலியும் கொடுத்து முடித்தபின், கிழங்கு பிடிக்கும் நேரத்தில் பச்சை இலையோடு செடி தொங்குகிறது. வந்தபின் தெளிக்க மருந்தும் கிடையாது. மேல் வயல் மழைநீர் கீழ் வயலையும் கெடுக்கிறது. அப்புறம் அந்தப் பூமியில் இரண்டு மூன்று வருடம் கோஸ், பூண்டுதான். அறுவடையில் நல்லதாகத் தெரியும் கிழங்குகளை 28-30 டிகிரியில் மூன்று வாரம் வைத்து, பிறகு வெட்டிப் பாருங்கள். உள்வளையம் பழுப்பு நிறமாகியிருக்கிறதா, கிழங்கின் முளைக்கண்ணில் சீழ் கசிகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் 'தாங்கும் ரகம்' என்று சீட்டுக் கட்டாதீர்கள். தாங்குவது என்றால் சுமப்பதும்தானே! நோயைச் சுமந்து வரும் விதையை எத்தனை போகம் வாங்குவது?

4. முழுக்கிழங்கே நட வேண்டும். வெட்டுக்கத்தியே நோயைப் பரப்பும்.

5. வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை எதிர்க்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகத்தை வாடலுக்கும் பதிலாகச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. வேறொரு வகையான வேர்முடிச்சு நூற்புழு துளைத்த வேரில் வாடலை எதிர்க்கும் ரகமும் சரிந்துவிடக்கூடும், அதையும் பார்க்க வேண்டும்.

திரும்பவும் கேட்கிறோம்: கார்போக நடவுக்கு முன், மார்ச்சுக்குள் உத்தரவு வேண்டும். சோதனை வயலின் தண்ணீர் வெளியே போகாதபடி வாய்க்காலும், அங்கு விளைந்ததில் ஒரு கிழங்குகூட விதைக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும். நிலம் நாங்களே தருகிறோம். நோயுள்ள நிலத்துக்கு இங்கே பஞ்சமில்லை.

இப்படிக்கு,
விவசாயிகள்