கார்ல்ஷ்டெயின் கோட்டையில் தமிழ் விளக்கக் குறிப்பு வைக்க வேண்டி மனு

அனுப்புநர்:
ப்ராக் நகரில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தினர்

பெறுநர்:
உயர்திரு நிர்வாகி அவர்கள்,
கார்ல்ஷ்டெயின் அரசுக் கோட்டை,
கார்ல்ஷ்டெயின், செக் குடியரசு

பொருள்: கோட்டையைச் சுற்றிப் பார்ப்போருக்குத் தமிழில் அச்சிட்ட குறிப்பு வழங்கக் கோருதல்

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் நாங்கள் முதலில் கூட்டிவருவது உங்கள் கோட்டைக்குத்தான். ப்ராகிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பெரௌன்கா ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கடைத்தெரு வழியாக மேலே ஏற வேண்டும். பழனிப் படி ஏறிய கால்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

உள்ளே போன பிறகுதான் சிரமம். வழிகாட்டி பேசப் பேச, பிள்ளைகளாகிய நாங்கள் பெற்றோரின் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது. பாதி விட்டுப்போகிறது. பக்கத்தில் நிற்பவர்களுக்கும் அது தொந்தரவு.

விட்டுப்போவது சாதாரண விஷயமா? கிணற்றுக் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறையில் ஏறத்தாழ 80 மீட்டர் தோண்டியும் ஊற்று கிடைக்காமல், ஓடைத் தண்ணீரைச் சுரங்கக் கால்வாய் வழியே கொண்டுவந்து நிரப்பியிருக்கிறார்கள். ஆள் உள்ளே நின்று மிதித்துச் சுற்றும் மரச்சக்கரத்தால் அதை இறைத்திருக்கிறார்கள். 1422-இல் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸைப் பின்பற்றிய ஹுஸ்ஸைட் படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. தண்ணீரின் அருமை தெரிந்த எங்கள் பெரியவர்கள் இதைக் கேட்டால் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

அப்புறம் பெரிய கோபுரத்தின் புனிதச் சிலுவை ஆலயம். பொஹீமிய அரசரும் பின்னாளில் புனித ரோமப் பேரரசருமான நான்காம் சார்லஸ் 1348-இல் தொடங்கிய இந்தக் கோட்டையின் உயிரே அதுதான் என்பது எங்கள் எண்ணம். பேரரசின் முடியணிகள் அங்கே காக்கப்பட்டன. சுவரில் மெருகேற்றிய வண்ணக் கற்கள், அதற்கு மேலே மாஸ்டர் தியோடொரிக்கின் 129 பலகை ஓவியங்கள். சில புனிதர்களின் உடை படத்தோடு நிற்காமல் சட்டத்தின் மேலும் படர்ந்திருக்கிறது. சட்டங்களில் திருப்பண்டங்கள் (புனிதர்களின் நினைவுப் பொருள்கள்) வைப்பதற்கான சிறு குழிகள் உண்டு. யாராவது எடுத்துச் சொன்னால்தான் கண்ணில் படும்.

செக் நாட்டுக் கோட்டைகள் பலவற்றில் வெளிநாட்டு மொழிக் குறிப்பைக் கையில் கொடுத்து, சுற்று முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் நல்ல வழக்கம் இருக்கிறது. அதே முறையில் தமிழிலும் ஒரு குறிப்பு வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். நான்கு பக்கம் போதும். பெரிய கோபுர ஆலயத்துக்குத் தனிச் சுற்று, முன்பதிவு வேண்டும், குளிர்காலத்தில் திறப்பதில்லை என்பதை முதல் பக்கத்திலேயே போட வேண்டும். தெரியாமல் வந்து ஏமாந்து திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் கூரைகளும் மதில் முகப்புகளும் பெரிதும் 1887 முதல் 1899 வரை கட்டடக் கலைஞர் யோசெஃப் மோக்கர் செய்த புதுப்பிப்பின் விளைவு என்பதையும் அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லாமே 14-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று நினைத்துப் போவது சரியல்ல.

மொழிபெயர்ப்பை நாங்களே ஊதியமின்றிச் செய்து தருகிறோம். மூலம் நீங்கள் தரும் செக் உரையாகவே இருக்கட்டும். முதல் பிரதிகளை அச்சிட்டு லேமினேட் செய்யும் செலவையும் ஏற்கிறோம். அனுமதி கிடைத்தால், அடுத்த கோடைக்காலச் சுற்றுகள் தொடங்குவதற்குள் பிரதிகளை உங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவோம். உங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ப்ராக் வாழ் தமிழ்க் குடும்பத்தினர்