பத்து மணி டீயும் பதினொரு பேரும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

புகையிலை ஒழிப்பு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், மன உறுதி இருந்தால் சிகரெட்டை விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தது. 26 வருடம் புகைத்தவன் சொல்கிறேன்: மன உறுதி காலை பத்து மணி வரைதான் இருக்கும். பத்து மணிக்கு டீ பிரேக்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டராக இருக்கிறேன். பணியிடத்தில் புகைக்கக் கூடாது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஷெட்டிலும் போர்டு மாட்டினார்கள். உள்ளே புகை நின்றது நிஜம். ஆனால் கூட்டம் அப்படியே கேட்டுக்கு வெளியே இருக்கும் பெட்டிக்கடைக்கு நகர்ந்துவிட்டது. தூணில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டரைச் சுற்றித்தான் ஓவர்டைம், போனஸ், யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என எல்லாப் பேச்சும். சிகரெட்டை விட்டவன் அந்தப் பேச்சையும் விட வேண்டும். மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் அங்கேதான் தோற்றேன். "சும்மா வந்து நில்லுப்பா" என்பார்கள். நின்றால் கை நீளும்.

நிர்வாகம் வருடா வருடம் ஒரு சொற்பொழிவு வைக்கும். கெட்டுப்போன நுரையீரல் படம் காட்டுவார்கள், பேனரோடு போட்டோ எடுப்பார்கள். அந்தப் படம் பார்த்த படபடப்பிலேயே தம் அடிக்கப் போனவர்கள் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் யூனியன்காரர் ஒருவர் மன்றாடி, வேறு மாதிரி செய்ய வைத்தார். புதன்தோறும் ஷிப்ட் நேரத்திலேயே அரை மணி, எட்டு வாரம், பதினொரு பேர். ஓர் ஆலோசகர் வந்தார். அதிகம் பேசியது நாங்கள்தான். எல்லோரும் ஒரே சனிக்கிழமையில் விடுவது என்று முடிவு. ஏக்கம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும் என்றார் அவர். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடுகளில் நடந்ததை எழுதாமல் விடுகிறேன்.

சிகரெட் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் நிகோடின் சூயிங்கத்தைச் சின்னப் பிள்ளைகள் மாதிரி மென்று தள்ளி, ஆளுக்கு ஆள் விக்கல். நாலு கடி கடித்து, வெற்றிலையை ஒதுக்குவது போலக் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டுமாம். டீ, காபி குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். இதனால்தான் பத்து மணிக்கு டீயை விட்டுவிட்டுக் கேன்டீனில் உட்கார்ந்தோம். பெட்டிக்கடைப் பேச்சு கேன்டீன் மூலைக்கு வந்தது. நான் விட்டது அதனால்தான்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், புகைக்காமல் நின்றவர்கள் நாலு பேர். "ஏழு பேர் திரும்பிட்டாங்களே" என்று ஹெச்.ஆர். அடுத்த பேட்சை நிறுத்திவிட்டார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஊழியர்கள் 878 பேரிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், 750 டாலர் வரை பரிசு என்று சொல்லப்பட்டவர்களில்கூட நெடுநாள் விட்டு நின்றவர்கள் 100க்கு 15 பேர்தான். பரிசு இல்லாதவர்களில் 5 பேர். எங்கள் கூட்டம் சின்னது, ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனாலும் நாலைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்க்கவே இல்லை. பீடி அதிகம் இழுப்பது அவர்கள்தான். பெயர்ப் பட்டியல் ஆபீசுக்குப் போகும் என்று பயந்து ஒதுங்கிய நிரந்தர ஊழியர்களும் இருக்கிறார்கள். பட்டியல் ஆலோசகரிடம் மட்டும் இருக்கட்டும்.

புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண் 1800-11-2356, 2018 முதல் பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. எங்கள் ஆட்கள் வாங்குவதோ ஒன்று, இரண்டு என்று சில்லறையாக. பாக்கெட்டைக் கடைக்காரர்தான் பார்க்கிறார். அதனால் அந்த எண்ணைக் கேன்டீன் சுவரில் நானே சாக்பீஸால் எழுதி வைத்தேன். போன வாரம் வெள்ளையடித்ததில் போய்விட்டது. மறுபடி எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை