மலைப் பள்ளிகளின் பாடங்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கட்டும்

சேலம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்வராயன் மலையில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். 2018 முதல் பாடநூல்களில் கியூஆர் குறியீடு, 2019-இல் கல்வித் தொலைக்காட்சி, 2023-இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி, இப்போது திறன்மிகு வகுப்பறை என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வந்தவை எல்லாமே வரவேற்கத்தக்கவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணையம் வேண்டும். மலையில் அதற்குத்தான் தட்டுப்பாடு.

அண்மையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இதயம் பற்றிய காணொளியைப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தேன். நுரையீரலிலிருந்து திரும்பிய இரத்தம் இதயத்தின் மேல் அறையான இடது ஏட்ரியத்துக்குள் நுழைந்ததும் படம் நின்றுவிட்டது. ஆசிரியை கைப்பேசியை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி வராந்தாவின் கோடிக்குப் போனார். பாடவேளையில் பாதி அதிலேயே கழிந்தது. அதே காணொளியை மறுவாரம் பென் டிரைவில் கொண்டுவந்து போட்டபோது பாடமே வேறாக இருந்தது. வால்வு மூடும் இடத்தில் படத்தை நிறுத்தி, "இது மூடாவிட்டால் இரத்தம் எங்கே போகும்?" என்று கேட்டார், மணிக்கட்டில் விரல் வைத்து நாடித்துடிப்பை எண்ணச் சொன்னார், பின்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டதற்காக மறுபடியும் ஓட்டிக் காட்டினார். இப்படி நிறுத்தவும் திருப்பவும் ஆசிரியரால் முடியும்போதுதான் திரை பாடத்துக்குத் துணையாகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே, பாடக் காணொளிகளையும் பயிற்சி வினாக்களையும் ஒவ்வொரு மலைப் பள்ளியிலும் சேமித்துவைக்க ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று இருந்தால், இணையமே இல்லாமல் பள்ளி வளாகத்து வைஃபை வழியாகத் திரையிலும் கைக்கணினியிலும் அவற்றைத் திறக்கலாம். இதற்கென்றே கோலிப்ரி என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. புதிய பாடங்களை, ஆசிரியர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் பயிற்சிக்குச் சேலம் வரும் நாளில் நகலெடுத்துச் செல்லலாம். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து மின்கம்பியில் விழுவது இங்கே வழக்கம் என்பதால், ஒரு பாடவேளைக்காவது தாங்கும் பேட்டரியும் உடன் வேண்டும்.

பிள்ளைகள் வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடவும் இயலாது. காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும் ஒரே கைப்பேசி காலையில் தந்தையோடு போய்விடுகிறது. பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் வீடு திரும்பவும் இருட்டிவிடும்.

சிக்னல் அறவே கிடைக்காத பள்ளிகள் எவை என்பதைத் தலைமையாசிரியர்களிடம் கேட்டறிந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அவற்றிலிருந்தே இப்பணியைத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
ஏற்காடு