பெரிய கோயிலுக்குப் போகும் சுருக்குப் பைகள்

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கொடுத்த மூன்று சுங்குடிச் சேலைகளில் அரக்குச் சேலையை வெட்டிவிட்டேன். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கொசுவமும் கரையும் நைந்துபோயிருந்தன. ஆனால் இடுப்பைச் சுற்றிய உள்பகுதி நேற்று வாங்கியது போல நிறம் மாறாமல் இருந்தது. அதிலிருந்தும் முந்தானையை ஒட்டிய துணியிலிருந்தும் 34 சுருக்குப் பைகள் வந்திருக்கின்றன.

சனிக்கிழமை எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறோம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பஸ்.

போன வருடம் ராமேசுவரம் போயிருந்தோம். கடைத்தெருவில் எல்லோரும் சங்கும் சோழி மாலையும் விலை பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி மட்டும் விரல்களை இறுக மூடிக்கொண்டு தள்ளி நின்றாள். என்னம்மா என்று கேட்டேன். தயங்கித் தயங்கி விரித்துக் காட்டினாள். வியர்வையில் நனைந்த இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள். பக்கத்துக் கடையில் அவள் வகுப்புப் பையன் ஒருவன் தோல் பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாயை உருவிக்கொண்டிருந்தான். அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மூடிய கைதான் என் கண்ணில் நின்றது. சுருக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டிவிட்டால் உள்ளே இருப்பது இருபதா ஐந்நூறா என்று யாருக்குத் தெரியும்? அதற்காகத்தான் அத்தை, இந்த ஒரு மாதத் தையல்.

துணி 14 அங்குல நீளம், 7 அங்குல அகலம். பழைய சேலை தனியாகக் காசின் கனத்தைத் தாங்காது என்பதால் உள்ளே காடாத் துணி கொடுத்தேன். நீங்கள் தலையணை உறைக்குச் செய்வதுபோல முதலில் நல்ல பக்கத்தில் ஒரு தையல், பிசிரைக் கத்தரித்துத் திருப்பி உள்ளே இன்னொரு தையல். முதல் ஆறு பைகளுக்கு ஒரே நாடா போட்டேன். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. பிரித்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டு நாடாக்களை ஊக்கில் கோத்து இழுத்த பிறகுதான் சரியாக மூடியது. மாதிரிக்கு ஒன்றை வகுப்பில் காட்டியபோது, "இது பாட்டி வெற்றிலை வைக்கிற பை" என்று பையன்கள் முகம் சுளித்தார்கள். பின்புறம் பெல்ட் நுழையும்படி ஒரு பட்டி வைத்துத் தைத்துக் காட்டினேன். இப்போது அவர்களுக்குத்தான் அவசரம் அதிகம்.

ஒவ்வொரு பையிலும் பெயரின் முதல் எழுத்தைச் சங்கிலித் தையலில் போட்டிருக்கிறேன். ஏழு பேருக்கு 'ச'. ஆளுக்கொரு நிற நூல். சுங்குடியின் வெள்ளைப் புள்ளி எழுத்தின் தலைமேல் வந்தால் 'ச' என்பது 'ச்' ஆகிவிடுகிறது. புள்ளிகளுக்கு நடுவே இடம் தேடித் தேடிப் போட வேண்டியிருந்தது. உள்ளே என் போன் எண் எழுதிய சீட்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் எந்தப் பிள்ளையும் தவித்து நிற்கக் கூடாது.

தலையாட்டி பொம்மை வாங்கத்தான் எல்லோரும் காசு சேர்க்கிறார்கள். எனக்கோ கல்வெட்டுகளைக் காட்ட ஆசை. ராஜராஜன் தான் கொடுத்தவற்றோடு அக்கா கொடுத்தவை, மனைவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னார். கோயிலில் நடனமாடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. கோயில் பணியாளர் வரிசையில் தையற்காரருக்கும் இடம் உண்டு, அத்தை. அதைப் படித்தபோது உங்களிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

இன்னும் நான்கு பைகள் பாக்கி. நேற்று முதல் மிஷினில் அடிநூல் சுருண்டுகொண்டே வருகிறது. பாபின் பெட்டியின் திருகை இறுக்க வேண்டுமா, தளர்த்த வேண்டுமா? இரவு எட்டு மணிக்கு மேல் அழைக்கிறேன். தூங்கிவிடாதீர்கள்.

உங்கள் அன்பு மருமகள்